மாமாவுக்கு எதிர்ச்சொல்

ஏழாம் வகுப்புச் சொல்வளப் பயிற்சிநூலில் நானூற்றிருபது சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், அதே பொருள் தரும் இரண்டு சொற்கள், ஓர் எதிர்ச்சொல், பிள்ளைகள் நிரப்புவதற்கு ஒரு கோடு. சொற்களைப் பொறுக்கி எடுத்தவர் பதிப்பாசிரியர். வாக்கியங்களை எழுதியவளுக்கு வேறு பெயர் இருந்தாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் வாக்கியக்காரி.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. இரண்டே அறைகள். வெயில் ஏறினால் ரப்பர் வாசனையும் படியேறி வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுதி முடித்த வாக்கியத்தில் கற்பிக்க வேண்டிய சொல்லின் மேல் ஒரு காகிதப் பட்டையை வைத்து மறைப்பார்கள். அதைக் கீழே எடுத்துப்போய் டயர் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். மறைந்திருக்கும் சொல்லை, அல்லது அதன் பக்கத்துவீட்டுச் சொல்லையாவது அவர் சொல்லிவிட்டால் வாக்கியம் தேறிற்று. 'அவர் கோபக்காரர்' என்று எழுதிப் பட்டை வைத்தால், டயர் கடைக்காரர் "அவர் குள்ளமானவர்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தில் கோபத்துக்கு ஒரு தடயமும் இல்லை. பதிப்பாசிரியர் அதைச் செத்த வாக்கியம் என்பார்.

அவருக்கு இன்னொரு விதியும் இருந்தது. குணங்களைச் சொல்லும் சொற்களுக்கெல்லாம் ஒரே ஆள்தான் வர வேண்டும்.

"பிள்ளைங்களுக்கு ஒரு ஆளைப் பழக்கிவிடு. ஆளு பழகிட்டா சொல்லு தானா ஒட்டிக்கும். பக்கத்துக்கு ஒருத்தனைக் கொண்டுவந்தா பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆயிடும், ஒரு மூஞ்சியும் நிக்காது" என்றார்.

யாரை வைப்பது என்று வாக்கியக்காரி யோசித்தாள். மாமாவை வைத்தாள். மாமா இல்லாத வீடு எது? யாரும் தன்னைச் சொல்வதாக நினைக்க மாட்டார்கள். இப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தாள். ஆனால் சொல்லை மறைத்தாலும் ஆள் தெரிய வேண்டுமென்றால் பேனா கற்பனையை நம்பாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் மனிதரைத்தான் நம்பும். அவள் அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர், அப்படி அப்படியே நூலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

கஞ்சத்தனம்: மாமா இதுவரை குடை வாங்கியதில்லை, மழை வந்தால் குடை வைத்திருப்பவரோடு நட்பாகிவிடுவார். பிடிவாதம்: வழி தப்பிவிட்டது என்று தெரிந்த பிறகும் மாமா யாரிடமும் வழி கேட்காமல் ஊரை மூன்று முறை சுற்றுவார். சாக்குப்போக்கு: தாமதமாக வந்த மாமா முதல் நாள் கடிகாரத்தையும், மறுநாள் போக்குவரத்தையும், அதற்கு மறுநாள் செருப்பையும் காரணம் சொன்னார். இப்படி முப்பத்தொரு வாக்கியங்கள். டயர் கடைக்காரர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. "இந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியும் போல இருக்கே" என்று சிரித்தார்.

நூல் அச்சாகிப் பள்ளிகளுக்குப் போனது. அதில் ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பில், அக்காவின் மகள் படித்தாள்.

"நீ என்னடி எழுதி வெச்சிருக்க?" என்று அக்கா ஒரு புதன்கிழமை போனில் கேட்டாள். கோபமா சிரிப்பா என்று குரலில் பிரித்தெடுக்க முடியவில்லை. "பாப்பா வீட்டுப்பாடம் எழுத உக்காந்தா. உங்க மாமா பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்கறாரு. மூணாவது வாக்கியத்துல பேச்சு நின்னுபோச்சு."

"எல்லாருக்கும் மாமா இருக்காங்க அக்கா. அதுல எங்க இருக்கு உன் வீட்டுக்காரர்னு?"

"செருப்பைக் காரணம் சொன்ன மாமா ஊர்ல எத்தனை பேரு இருக்காங்க? சொல்லு."

வாக்கியக்காரி தனியாக இருப்பவள். அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் வைத்திருந்தாள். வாரத்தில் ஆறு நாளைத் தன் அறையிலும் ஏழாவது நாளை அக்கா வீட்டிலும் கழிப்பது பதினாலு வருடப் பழக்கம். அந்த வீட்டில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. யாரும் அப்படி அறிவித்ததில்லை. ஆனால் வேறு யாரும் அதில் உட்கார்ந்ததுமில்லை. அந்த நாற்காலி போனால் ஞாயிற்றுக்கிழமையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு போனாள். மாமா வாங்க என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் தன் மகளிடம் பேசினார்.

"பாப்பா, உங்க சித்திகிட்டச் சொல்லு, தண்ணி அந்தப் பக்கம் இருக்கு."

"சித்தி, தண்ணி அந்தப் பக்கம் இருக்காம்."

"தேங்க்ஸ் மாமா."

"பாப்பா, சொல்லு, பரவாயில்லன்னு. எழுதி வெச்சுக்கச் சொல்லு. அடுத்த புத்தகத்துக்கு ஆகும்."

பாப்பாவுக்கு இந்தத் தபால் வேலை முதல் பத்து நிமிடம் பிடித்திருந்தது. அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டாள். மேசையில் பேச்சு அதோடு முடிந்தது. வாக்கியக்காரி கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள்.

"அடுத்த வாரமும் இப்படியேன்னா, கொஞ்ச நாளைக்கு வராம இருடி" என்றாள் மெதுவாக. "உன்னைச் சொல்லலை. அவரு நீ வந்தா சரியா சாப்பிடமாட்டேங்கறாரு. நீ போனதும் பிரிட்ஜைத் திறக்கறாரு."

கஞ்சத்தனம்தான் அவரைத் தைத்திருக்க வேண்டும் என்று வாக்கியக்காரி முடிவு கட்டினாள். திங்கட்கிழமை காலையில் பதிப்பாசிரியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். மறுபதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் மாமா வாக்கியங்கள் முப்பத்தொன்றையும் புரட்டிப் போட்டுவிட வேண்டும். கஞ்சத்தனம் இருந்த இடத்தில் தாராளம், பிடிவாதம் இருந்த இடத்தில் விட்டுக்கொடுத்தல்.

பதிப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கஞ்சத்தனத்தைச் சிக்கனம்னு மாத்தினாப் போதாதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு நூல்ல போட்டிருக்கோமே."

"போட்டிருக்கோம். ரெண்டும் ஒரே தெருவுல குடியிருக்கு. ஒரே வீட்டுல இல்ல. சிக்கனம்னு சொன்னா அவரு மாலையே போடுவாரு." கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "மாத்திக்கோ. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா பட்டை வெச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள வரணும். உறவுக்காகச் செத்த வாக்கியத்தை என் புத்தகத்துல புதைக்க முடியாது."

அன்றும் மறுநாளும் அவள் மாமாவை நல்லவராக்கினாள். 'மாமா தாராள மனம் கொண்டவர்; கேட்டவர்களுக்கெல்லாம் உதவுவார்.' பட்டை வைத்துக் கீழே கொண்டுபோனாள். டயர் கடைக்காரர் ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டவர்களுக்கெல்லாம் உதவுவார்… ஏமாளி மனம்" என்றார்.

'மாமா பணிவானவர், எல்லோரிடமும் மெதுவாகப் பேசுவார்.'

"தொண்டை கட்டினவர்."

'மாமா நேரம் தவறாதவர். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்.'

டயர் கடைக்காரர் சக்கரத்தை விட்டு நிமிர்ந்தார். "இது யாரும்மா? பழைய மாமா எங்க போனாரு? இந்த ஆளை நான் பாத்ததே இல்ல."

சிக்கல் அதுதான். நல்ல மாமாவை அவளும் பார்த்ததில்லை. பதினாலு வருடம் அவரைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் பார்த்திருக்கிறாள். மனிதர்கள் தங்கள் குறைகளையெல்லாம் அவிழ்த்துப் போட்டு உட்காரும் இடம் அது. எதிர்ச்சொல்லுக்குத் தடயம் வேண்டுமென்றால் அவர் வேறெங்காவது இருக்கும்போது பார்க்க வேண்டும். புதன்கிழமை மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மாமா வேலை பார்க்கும் ஏழு மாடிக் குடியிருப்புக்குப் போனாள். அந்தக் கட்டடத்தின் இரண்டு லிஃப்டுகளையும் பதினோரு வருடமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

தரைத்தளத்தில் ஒரு லிஃப்டின் முன்னால் 'வேலை நடக்கிறது' என்ற மஞ்சள் பலகை நின்றது. மாமா உள்ளே இருந்தார். பலகைக்கு மேலே இருந்த எண்கள் ஒன்று, இரண்டு என்று ஏறி, ஏழுக்குப் போய், திரும்ப இறங்கின. கதவு திறந்தது. மாமா தனியாக நின்றிருந்தார். அவளைப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது. மறுபடி ஏழு வரை. மறுபடி கீழே. கதவு திறந்தபோது அவள் "மாமா" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

மூன்றாம் முறை இறங்கியதும் வெளியே வந்து, பலகையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். உள்ளே போகலாம் என்று சொல்லும் நிற்பு. அந்த நேரம் வாசலில் இரண்டு பைகளோடு ஓர் அம்மாள் வந்தாள். லிஃப்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், மூச்சை ஒரு முறை இழுத்துவிட்டுப் படிக்கட்டில் ஏறினாள். பின்னாலேயே வந்த ஒருவரும் படிக்கட்டுக்குப் போனார்.

மாமா கருவிப்பையின் வாயைக் கட்டினார். தபால் கொண்டுபோகப் பாப்பா இல்லாததால் சுவரைப் பார்த்துப் பேசினார். "படிக்கட்டு நல்லா இருக்கு போல. எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு." சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் கதவு வழியே போய்விட்டார்.

வாக்கியக்காரி படியேறி அந்த அம்மாளைப் பிடித்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பைகளை இறக்கிவைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"லிஃப்ட் ஓடுதே, ஏம்மா நடக்கறீங்க?"

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. அதைப் பாக்கற ஆளுதான் சரியில்லையாம். அஞ்சாவது மாடி எனக்கு. முட்டி கழண்டு போகுது. என்ன பண்ண? உயிரு இருந்தா முட்டிய அப்புறம் பாத்துக்கலாம்."

"யாரு சொன்னாங்க சரியில்லன்னு?"

"புத்தகத்துலயே போட்டிருக்காங்களாமே!"

ஒரு பையை வாங்கிக்கொண்டு ஐந்தாம் மாடிவரை கூடவே ஏறியதில் முழுக் கதையும் கிடைத்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மகனும் அதே பள்ளியில் அதே ஏழாம் வகுப்பு. பாப்பா வகுப்பில் பெருமையாக "அது எங்க அப்பாதான்" என்று சொல்லியிருக்கிறாள். பையன் வீட்டில் சொன்னான். செயலாளர் சங்கக் கூட்டத்தில் நூலை எடுத்து வந்து, சும்மா சிரிப்புக்காக, இரண்டு வாக்கியங்களைப் படித்துக் காட்டினார். பழுது என்ற சொல்லுக்கு: 'மாமா பழுதடைந்த லிஃப்டுகளைச் சரிசெய்பவர்.' பத்துப் பக்கம் தள்ளி அலட்சியம் என்ற சொல்லுக்கு: 'நான்கு திருகாணி மாட்ட வேண்டிய இடத்தில் மாமா இரண்டை மாட்டிவிட்டு, இது போதும் என்று எழுந்துவிடுவார்.' எல்லோரும் சிரித்தார்களாம். மறுநாள் ஒருவரும் லிஃப்டில் ஏறவில்லை. அதற்கு மறுநாள், வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் போய்விட்டது. அடுத்த வாரம் மேற்பார்வையாளர் வந்து முடிவு சொல்வாராம்.

வாக்கியக்காரி ஐந்து மாடியும் இறங்கினாள், படிக்கட்டில்தான். அந்த வாக்கியத்தை எழுதிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அக்கா வீட்டுச் சமையலறையில் மாமா ஒரு சுவர் அலமாரியை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு திருகாணி, இது போதும், எழுந்து போய்ச் செய்தி பார்த்தார். எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அலமாரி என்ற ஒரு சொல்தான் இல்லை. வாக்கியம் நீளமாகிறது என்று அவளே அடித்திருந்தாள். படித்தவர்களும் தப்புச் செய்யவில்லை. ஒரே ஆளை வை, பழகட்டும் என்று பதிப்பாசிரியர் ஆசைப்பட்டபடியே பழகி, ஒரு பக்கத்து மாமாவை இன்னொரு பக்கத்து மாமாவோடு சேர்த்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை அலுவலகம் திறந்ததும் அவள் நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டுச் சொன்னாள்: "மறுபதிப்புல மாத்தினாப் போதாது. ஏற்கனவே போன புத்தகத்துலயும் மாத்தணும். பிழைதிருத்தச் சீட்டு ஒட்டணும்."

"சீட்டு அச்சுப்பிழைக்கு ஒட்டறது" என்றார் பதிப்பாசிரியர். "உங்க குடும்பத்துக்கு ஒட்டறது இல்ல."

"அலமாரியைப் பத்தி எழுதினதை ஆளைப் பத்தின மாதிரி அச்சடிச்சிருக்கோம் சார். அது பிழை இல்லையா?"

"வாக்கியம் உண்மைதானே?"

"அலமாரிக்கு உண்மை. லிஃப்டுக்குப் பொய். கட்டடத்துல முட்டி வலியோட ஏறி இறங்கறாங்க."

பதிப்பாசிரியர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நாற்பது வருடத்தில் அவர் நூல்களைப் படித்து யாரும் படிக்கட்டு ஏறியதில்லை. முகத்தில் கவலையோடு கொஞ்சம் பெருமையும் தெரிந்தது; இரண்டையும் மறைக்க மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார்.

"சரி. சொல்லையும் எதிர்ச்சொல்லையும் இடம் மாத்திப் போடு. தலைப்புல கவனம், எதிர்ச்சொல்லா அலட்சியம். ஒரே ஒரு வாக்கியம். விளக்கம், மன்னிப்பு, வருத்தம் எதுவும் கூடாது. அதே மாமா, அதே வேலை. பட்டை வெச்சுப் பாரு. டயர் கடைக்காரர்கிட்ட வேண்டாம், அவருக்கு இந்நேரம் கதை தெரிஞ்சிருக்கும். பிள்ளைங்ககிட்டயே போ."

அவளிடம் ஒரு தடயம் இருந்தது: நேற்றுக் கண்ணால் பார்த்தது. 'லிஃப்டைச் சரிசெய்த பிறகு மாமா மூன்று முறை தனியாக ஏறி இறங்கிப் பார்ப்பார். அதன் பிறகே மற்றவர்களை ஏற விடுவார். வேலையில் அவர் மிகவும் ______.' பாப்பாவின் பள்ளித் தமிழ் ஆசிரியை நல்ல மனுஷி. மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில், தூக்கம் வரும் நேரத்தில், பத்து நிமிடம் ஒதுக்கிக் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முப்பத்தெட்டுத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வாக்கியக்காரி அவற்றைப் பிரித்து அடுக்கினாள். இருபத்துமூன்று பேர் பயந்தவர், பயந்தாங்கொள்ளி, கோழை என்று எழுதியிருந்தார்கள். ஆறு பேர் பொறுமைசாலி. நான்கு பேர், லிஃப்டில் சும்மா ஏறி இறங்கும் ஆளை மனக்கண்ணில் பார்த்து, வேலையில்லாதவர் என்று எழுதியிருந்தார்கள். கவனமானவர் என்று எழுதியவர்கள் நான்கே பேர். ஒரு தாளில் மட்டும் 'எங்க அப்பா' என்று இருந்தது. கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"அடுத்த செக்‌ஷனுக்கு நாளைக்குக் காலைல முதல் பீரியட்" என்றார் ஆசிரியை. "அதுக்குள்ள வேற வாக்கியம் கொண்டுவாங்க. இந்த வாக்கியத்துல உங்க மாமா ஏன் தனியா போறாருன்னு எனக்கே புரியல."

அவளுக்கும் புரியவில்லை. கேட்பதற்கு ஒருவர்தான் இருந்தார். அவர் அவளோடு பேசுவதில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா சோபாவில் பாதத்தை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் செய்தித்தாளை உயர்த்தினார். எப்படித் தொடங்குவது என்று இவள் செருப்பைக் கழற்றாமலே நின்று யோசித்துக்கொண்டிருக்க, பாப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"அப்பா! எங்க கிளாஸ்ல இருபத்துமூணு பேரு உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருக்காங்க!"

செய்தித்தாள் கீழே வந்தது.

"யாரை?"

"உங்களைத்தான். டீச்சரே கிளாஸ்ல சொன்னாங்க. நாலு பேரு வேலையில்லாதவர்னு எழுதியிருக்காங்க."

"இதுவும் உங்க சித்தி வேலைதானா?" என்று மகளைப் பார்த்துத்தான் கேட்டார். "பாப்பா, கேளு, என்ன எழுதினாங்கன்னு."

"மூணு தடவை தனியா ஏறி இறங்குவீங்கன்னு எழுதினேன் மாமா" என்றாள் வாக்கியக்காரி. "பாத்ததை எழுதினேன். பிள்ளைங்க பயம்னு நினைச்சுட்டாங்க."

மாமா எழுந்தேவிட்டார். "பயந்தவன் ஒத்தையா ஏறுவானா? யோசிக்க வேண்டாம்? பயந்தவன் முதல்ல வாட்ச்மேனை ஏத்தி அனுப்பிட்டு வாசல்ல நிப்பான்!"

சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அக்கா குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்திருந்தாள். மாமா நான்கு நாளைக்குப் பிறகு மச்சினியின் முகத்தைப் பார்த்து நேரடியாகப் பேசிவிட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது, அவரைத் தவிர.

"அப்ப எதுக்குத் தனியா போறீங்க?"

"கூட ஆளு இருந்தா பேச்சுக் கொடுப்பான். 'என்ன சார், முடிஞ்சுதா சார்'னு. சத்தம் கேக்காது."

"என்ன சத்தம்?"

"ஒண்ணும் கேக்கக் கூடாது. அதைத்தான் கேக்கறேன்."

அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். "அதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"நீ லேட்டா வந்த. அதுக்கு முன்னாடி நடந்ததை எங்க பாத்த?" என்று குற்றம் சாட்டும் குரலிலேயே சொல்ல ஆரம்பித்தார். "கதவு மூடும்போது குறுக்க ஏதாவது வந்தா திறந்துக்கணும். முதல்ல துடைப்பத்தை நீட்டுவேன். கட்டை அடிபடாம கதவு திரும்பினா, அடுத்து என் கை. அப்புறம்தான் ஏறுறது. வாட்ச்மேன் துடைப்பத்தைக் காணோம்னு தினமும் என்னைத்தான் கேப்பான்."

"துடைப்பம், அப்புறம் கை, அப்புறம் தனியா மூணு தடவை" என்று அவள் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"எழுதும்போது துடைப்பத்தை விட்டுடாத. அன்னிக்கு அலமாரியை விட்ட மாதிரி."

அவள் நிமிர்ந்தாள். "அலமாரின்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாம? என் வீட்டு அலமாரி. ரெண்டு திருகாணிதான், இல்லங்கல. அதுல டம்ளரு வைக்கறோம். லிஃப்டுல மனுஷனை வைக்கறோம். ரெண்டுக்கும் ஒரே ஆளுன்னு எழுதிட்டியே." குரல் முதல் முறையாகத் தணிந்தது. "பதினோரு வருஷம். ஒரு நாள் ஒரு கதவு யார் கையையும் கடிச்சதில்ல. பையைத் தூக்கிட்டு அந்தம்மா என் முன்னாடி படியேறிப் போகுது."

அவள் எழுதிய தாளை மடித்தாள். "மத்த முப்பதையும் மாத்திடறேன் மாமா" என்றாள். "நாளைக்குக் காலைல வரைக்கும் நேரம் இருக்கு."

மாமா பாப்பாவின் பயிற்சிநூலை வாங்கிப் புரட்டினார். "பிடிவாதம்… இருக்கட்டும். சாக்குப்போக்கு… செருப்பு அறுந்தது உண்மை. இருக்கட்டும். தற்பெருமை… இது கொஞ்சம் ஜாஸ்தி."

"குறைச்சல்!" என்றது சமையலறை.

"சரி, இருக்கட்டும். கஞ்சத்தனம்…"

"அதுல ஒரு எழுத்து மாறினாலும் நான் பள்ளிக்கூடத்துக்கே வந்து சாட்சி சொல்லுவேன்" என்றாள் அக்கா, கரண்டியோடு வெளியே வந்து.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த செக்‌ஷனில் துடைப்பத்தில் தொடங்கும் புது வாக்கியத்துக்குப் பட்டை வைத்தார்கள். முப்பத்தைந்து பேரில் முப்பத்துநான்கு பேர் கவனமானவர், அக்கறையானவர், பொறுப்பானவர் என்று எழுதினார்கள். ஒருவன் மட்டும் துடைப்பத்தை நம்பி, சுத்தமானவர் என்று எழுதியிருந்தான். பதிப்பாசிரியர் அவனை மன்னித்தார். மதியத்துக்குள் சீட்டு அச்சாகி, பின்பக்கம் பசை தடவி, வெட்டிக் கட்டி வந்துவிட்டது. தமிழ் ஆசிரியை கடைசிப் பாடவேளையில் இரண்டு செக்‌ஷன் நூல்களிலும் ஒட்ட வைத்தார்.

ஒரு சீட்டை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை காலை ஏழு மாடிக் குடியிருப்புக்கு அவரோடு வாக்கியக்காரியும் போனாள். லிஃப்டுக்குள், எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் தகட்டுக்குக் கீழே, கண்ணுக்கு நேராக அதை ஒட்டினார். கோணல் வந்துவிட்டது என்று பிய்த்து மறுபடி ஒட்டினார். செயலாளர் வந்து பார்த்தார்.

"சங்கத்தோட அனுமதி இல்லாம உள்ள எதுவும் ஒட்டக் கூடாது."

"கூட்டத்துல படிச்சீங்களே, அந்தப் பக்கத்தோட திருத்தம் சார்" என்றாள் வாக்கியக்காரி. "அதை அனுமதி வாங்கிட்டா படிச்சீங்க?"

செயலாளர் குனிந்து படித்தார். உதடு அசைந்தது. "துடைப்பமா?" என்றார்.

ஐந்தாம் மாடி அம்மாள் அதற்குள் பைகளோடு வந்துவிட்டாள். கூட்டத்தைக் கண்டதும் நின்று, அவளும் எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்து முடித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

"எழுதறதை யாரு வேணா எழுதலாம். எனக்குச் செஞ்சு காட்டுங்க."

மாமா வாட்ச்மேனின் துடைப்பத்தை வாங்கி வந்தார். கதவு மூட வந்தது, துடைப்பத்தைக் கண்டது, பின்வாங்கியது. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கைவரை நீட்டினார். கதவு திரும்பவும் பின்வாங்கியது. அந்த அம்மாள் மாமாவின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள், ஏதாவது சிராய்ப்பு இருக்கிறதா என்று. பிறகு பைகளை உள்ளே வைத்தாள். பைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவளும் ஏறினாள். மாமா ஏறினார், வாக்கியக்காரியையும் கண்ணைக் காட்டி ஏறச் சொன்னார். செயலாளர் ஒரு கணம் தயங்கி, யாரும் கவனிக்காத மாதிரி ஓரமாக நுழைந்துகொண்டார்.

"யாரும் பேசக் கூடாது" என்றார் மாமா.

லிஃப்ட் ஏறியது. நான்கு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. அந்த அம்மாள் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கி, திரும்பி நின்று செயலாளரிடம் சொன்னாள்:

"வேற ஆளு வேண்டாம்னு திங்கக்கிழமை ஒரு கடுதாசி போட்டுடுங்க. நான் முதல் கையெழுத்து போடறேன். நீங்க எழுதாதீங்க, இந்தப் பொண்ணு எழுதட்டும்."

செயலாளர் அதே மாடியில் இறங்கிக்கொண்டார். அவர் வீடு மூன்றாம் மாடி. படிக்கட்டில் அவர் காலடி கீழே போவது கேட்டது. கதவு மூடி, லிஃப்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். நான்காம் மாடி தாண்டும்வரை மாமா எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு வெறுங்கையோட வராத" என்றார். "உங்க அக்கா கடுதாசியை முதல்ல படிக்கணும்பா. ஒரு மணிக்கெல்லாம் வந்துடு. நான் பிரிட்ஜைத் திறந்து திறந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது."

"வர்றேன் மாமா" என்றாள்.